காட்டத் தயங்கும் இடம், பூசத் தயங்காத களிம்பு

தோல் மருத்துவரிடம் வரும் ஆண்களில் ஒரு பகுதியினர் பொடுகு என்றோ முடி கொட்டுகிறது என்றோ பேச்சைத் தொடங்குவார்கள். மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்த பிறகுதான், "அப்புறம் டாக்டர், ஒரு சின்ன விஷயம்" என்பார்கள். அந்தச் சின்ன விஷயத்துக்காகத்தான் அவர்கள் வந்திருப்பார்கள். எத்தனை நாளாக என்று கேட்டால், மூன்று நான்கு மாதம் இருக்கும் என்று தரையைப் பார்த்துச் சொல்வார்கள். என்ன போட்டீர்கள் என்ற கேள்விக்கு மட்டும் பதில் தயங்காமல் வரும்: "மெடிக்கல்ல கேட்டு ஒரு க்ரீம் போட்டேன் சார்."

கட்டிய மனைவியிடம் சொல்லவில்லை, குடும்ப மருத்துவரிடம் காட்டவில்லை. ஆனால் தெருமுனை மருந்துக்கடையில், கூட்டம் விலகும்வரை காத்திருந்து, பெயர்கூடத் தெரியாத ஒருவரிடம் "அரிப்புக்கு ஒன்று" என்று கேட்டு வாங்கியிருக்கிறார். ஆண்குறி, விதைப்பை, தொடையிடுக்கு ஆகிய பகுதிகளின் தோலில் வரும் பெரும்பாலான தொல்லைகள் எளிதில் தீரக்கூடியவை. அவற்றைத் தீராத நோயாக்குவது இந்த மாதங்களும் அந்த ட்யூபும்தான் என்பது என் கருத்து.

பயத்திலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் முதலில் வருபவர்கள் பயந்தவர்கள். கல்யாணம் நிச்சயமான பையன்கள் இதில் அதிகம். ஆண்குறி மொட்டின் விளிம்பைச் சுற்றி, தோலின் நிறத்திலேயே அல்லது சற்று வெளுப்பாக, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவில் சிறு சிறு முத்துக்கள் வரிசை கட்டி நிற்கும். சிலருக்கு ஒரு வரிசை, சிலருக்கு இரண்டு மூன்று. பல காலமாக அங்கேயே இருந்தவைதான். இவர் இப்போதுதான் கவனித்திருப்பார். செல்போனில் தேடுவார். அது காட்டும் படங்களெல்லாம் பால்வினை மருக்களாக இருக்கும். அன்றிரவே தூக்கம் போய்விடும். இந்த முத்துப் பருக்கள் நோயே அல்ல. தொற்றாது, புற்றாக மாறாது, சுத்தக் குறைவாலோ சுயஇன்பத்தாலோ வந்தவை அல்ல. இளைஞர்களிடம் சர்வசாதாரணம்; வயது ஏற ஏற மங்கியும் போகும். மருவுக்கும் இதற்கும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். இவை ஒரே அளவில், ஒழுங்கான வரிசையில் இருக்கும். மரு ஒழுங்கில்லாமல், பூக்கோசுபோல் சொரசொரப்பாக, ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக, வாராவாரம் கூடிக்கொண்டு போகும். முத்துப் பருக்களை மருவென்று எண்ணி ப்ளேடால் சீவியவர்களையும், மரு கரைக்கும் அமிலத்தை வைத்துப் புண்ணாக்கிக்கொண்டவர்களையும் பார்க்கிறோம். அவற்றை லேசரில் எடுத்துத் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் இடங்களும் உண்டு. இல்லாத நோய்க்கு ஏன் பணம் கட்ட வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

தண்டுப் பகுதியின் தோலை இழுத்துப் பார்த்தால் தெரியும் மஞ்சள் கலந்த வெண்புள்ளிகள் எண்ணெய்ச் சுரப்பிகள். உதட்டின் உள்ளோரத்திலும் இதே புள்ளிகள் பலருக்கு உண்டு. 1896இல் இவற்றைப் பதிவுசெய்த அமெரிக்கத் தோல் மருத்துவர் ஜான் ஃபோர்டைஸின் பெயராலேயே இன்றும் அழைக்கிறோம். விதைப்பையில் நடுவயதுக்கு மேல் வரும் கருஞ்சிவப்புப் புள்ளிகளுக்கும் அவர் பெயர் உண்டு. அவை விரிந்த நுண்ணிய ரத்தக் குழாய்கள். சொறிந்தால் லுங்கியில் ரத்தக் கறை படும், அந்தக் கறைதான் ஆளைப் பதற வைக்கும். விதைப்பைத் தோலில் பட்டாணி அளவில் கெட்டியாக உருளும் வெள்ளைக் கட்டிகளும் பெரும்பாலும் தீங்கற்றவையே. தொந்தரவு என்றால் சிறு அறுவைச் சிகிச்சையில் எடுத்துவிடலாம், நகத்தால் பிதுக்கக் கூடாது. இவை எல்லாவற்றுக்கும் தேவையான மருத்துவம், ஒருமுறை காட்டி 'ஒன்றுமில்லை' என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டு போவதுதான். அந்த ஒரு சொல்லுக்காக இரண்டு வருடம் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டவர்கள் இருக்கிறார்கள்.

இனி அந்த ட்யூப். மருந்துக்கடையில் அரிப்புக்கு என்று கேட்டால் வருவது அநேகமாக ஒரு கூட்டுக் களிம்பு. பூஞ்சைக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே வீரியமான ஸ்டீராய்டு ஒன்று. ஸ்டீராய்டு இரண்டு நாளில் அரிப்பை அடக்கிவிடும். சிவப்பு மங்கும். நல்ல மருந்து என்று பெயர் வாங்கிவிடும், பக்கத்து வீட்டுக்காரருக்கும் சிபாரிசாகும். உள்ளே நடப்பது வேறு. தோலின் எதிர்ப்பு அடங்கிய இடத்தில் பூஞ்சை நிம்மதியாகப் பரவும். களிம்பை நிறுத்தினால் முன்பைவிட மூர்க்கமாகத் திரும்பி வரும். மறுபடி களிம்பு. ஆறு மாதத்தில் தொடையின் உட்பகுதியில், பிள்ளை பெற்றவர்கள் வயிற்றில் தெரிவது போன்ற வரிகள் விழுந்துவிடும். அந்த வரிகள் பிறகு மறைவதில்லை.

விதைப்பையின் தோலுக்கு இன்னொரு குணம் உண்டு. ஃபெல்ட்மன், மைபாக் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1967இல் உடலின் வெவ்வேறு இடங்களில் ஹைட்ரோகார்ட்டிசோன் எவ்வளவு உள்ளே உறிஞ்சப்படுகிறது என்று அளந்தார்கள். முன்கையில் உறிஞ்சப்படுவதைப்போல 42 மடங்கு விதைப்பையில் உறிஞ்சப்பட்டது. கைக்கு எழுதிக் கொடுத்த களிம்பை அங்கே பூசுகிறவர் இந்த எண்ணை நினைவில் வைக்க வேண்டும். மாதக் கணக்கில் பூசியவர்களுக்கு விதைப்பை முழுவதும் செக்கச்செவேலென்று ஆகி, மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரியும். ஜட்டி உரசினால்கூடத் தாங்காது. களிம்பைப் பூசினால்தான் எரிச்சல் அடங்கும், பூசினால்தான் நோய் வளரும். இதிலிருந்து ஒருவரை மீட்க மாதங்கள் ஆகின்றன. முதலில் அவருக்கு இருந்தது, சில வாரச் சிகிச்சையில் தீர்ந்திருக்கக்கூடிய படர்தாமரை.

படர்தாமரை நம் ஊரில் இப்போது பழைய படர்தாமரையாக இல்லை என்பதும் உண்மை. பூஞ்சைக்குத் தரும் டெர்பினாஃபின் மாத்திரைக்குப் பல இடங்களில் அடங்காத பூஞ்சை வகை ஒன்று இந்தியா முழுவதும் பரவியிருக்கிறது. 2020இல் அதற்கு வைத்த அறிவியல் பெயரிலேயே இந்தியா இருக்கிறது: ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே. நமக்குப் பெருமை தரும் பெயர் அல்ல. கண்டபடி விற்ற கூட்டுக் களிம்புகளுக்கு இதில் பங்குண்டு என்று தோல் மருத்துவர்கள் நீண்ட நாளாகச் சொல்லி வருகிறோம். 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை, மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத 'எச்' அட்டவணைக்குள் கொண்டுவந்தது. ஆணை தாளில் இருக்கிறது. சீட்டு இல்லாமல் ட்யூப் இன்றும் கிடைக்கிறது. மருந்துக்கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கேட்பவரும் பெயர் சொல்லித்தான் கேட்கிறார்.

படர்தாமரையில் அதிகம் கவனிக்கப்படாதது அரைஞாண் கயிறு. இடுப்பைச் சுற்றிக் கயிற்றின் தடத்திலேயே வளையம் வளையமாகப் படர்ந்திருக்கும். தொடையிடுக்கு ஆறியதும் அங்கிருந்து மறுபடி இறங்கும். வியர்வையிலும் குளியல் நீரிலும் நனைந்து காயாமல் கிடக்கும் அந்தக் கயிறு பூஞ்சைக்கு வசதியான வீடு. சிகிச்சை முடியும்வரை கழற்றி வையுங்கள் என்றால் சிலர் முகம் மாறும். நம்பிக்கையில் நான் தலையிடவில்லை; பழைய கயிற்றை எறிந்துவிட்டு, குணமானபின் புதிதாகக் கட்டிக்கொள்ளுங்கள் என்பேன். வீட்டில் ஒரே துண்டை நான்கு பேர் துவட்டிக்கொள்வது, ஈரம் காயாத ஜட்டியைப் போடுவது, இறுக்கமான ஜீன்ஸோடு நாள் முழுக்க பைக்கில் அலைவது ஆகியவற்றையும் சேர்த்து மாற்றாமல் மாத்திரை மட்டும் வேலை செய்யாது. வீட்டில் இன்னொருவருக்கும் இருந்தால் இருவருக்கும் ஒரே நேரத்தில் மருந்து வேண்டும்.

அரிப்பு இரவில் அதிகம், விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் பொரிப்பொரியாக இருக்கிறது, ஆண்குறியிலும் விதைப்பையிலும் தடித்த சிவப்புக் கொட்டைகள் தெரிகின்றன என்றால் அது சொறி. ஸ்கேபிஸ் எனப்படும் இதற்குச் சிற்றுண்ணிதான் காரணம். ஹாஸ்டல் பையன்களிடமும் கூட்டுக் குடும்பங்களிலும் சாதாரணம். பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பை வீட்டிலுள்ள அத்தனை பேரும் ஒரே இரவில் கழுத்திலிருந்து கால்வரை பூசி, மறுநாள் காலை குளித்து, ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை பூச வேண்டும். உண்ணி செத்த பிறகும் அந்தக் கொட்டைகள் சில மாதம் நிற்கும். மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து மேலே மேலே பூசிப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம்.

நான் இந்தக் கட்டுரையை எழுத முக்கியக் காரணம் அடுத்து வருவது. ஐம்பது வயதை ஒட்டிய ஒருவர் வருகிறார். முன்தோலின் நுனி முழுக்க நூல் நூலாகக் கீறல்கள். தோல் வெளுத்து, தடித்து, பின்னுக்குத் தள்ளவே முடியவில்லை. தள்ளினால் வெடித்து எரிகிறது. உள்ளே தயிர்த்திவலைபோல் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. 'உடம்புச் சூடு' என்று இளநீரும் வெந்தயமும் எண்ணெய்க் குளியலுமாக இரண்டு மாதம் ஓட்டியிருக்கிறார். கிருமிநாசினித் திரவத்தைத் தண்ணீரில் கலந்து தினமும் கழுவியிருக்கிறார், அதில் தோல் மேலும் வெந்திருக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை பார்த்தால் முந்நூற்றுச் சொச்சம். சர்க்கரை நோய் இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரிகிறது.

கேண்டிடா என்ற பூஞ்சைக்குச் சர்க்கரை கலந்த சிறுநீர் விருந்து. ஆண்குறியில் திரும்பத் திரும்ப வரும் இந்தப் பூஞ்சைத் தொற்று, பலருக்குச் சர்க்கரை நோயின் முதல் தந்தி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணித்தது. பெரியவர்களில் 11.4 சதவீதம், தமிழ்நாட்டில் அதைவிடவும் அதிகம்.

இதில் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என 'கிளிஃப்ளோசின்' என்று முடியும் மாத்திரைகள், ரத்தத்திலுள்ள சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுபவை. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை செய்யும் நல்ல மருந்துகள் இவை. டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை இந்தியாவில் 2020இல் முடிந்தபின் விலை சரிந்து, சிறு ஊர் கிளினிக் வரை வந்துவிட்டது. சிறுநீரில் சர்க்கரை போகும்போது முன்தோலுக்குள் பூஞ்சை வளர வாய்ப்பு கூடும். இது எல்லா மருந்துக் குறிப்பிலும் அச்சிட்டிருக்கும் பக்கவிளைவுதான். ஆனால் மாத்திரையை எழுதும்போது நோயாளியிடம் சொல்கிறோமா? "கீழே அரிப்போ கீறலோ வந்தால் சொல்லுங்கள், சிறுநீர் கழித்தபின் தண்ணீர் விட்டுக் கழுவி ஈரம் ஒற்றிக்கொள்ளுங்கள்" என்று சொல்ல அரை நிமிடம் போதும். சொல்லாததால் அவர் அது மாத்திரையால் வந்தது என்று அறியாமல் ட்யூபைத் தேடிப் போகிறார். அல்லது தானே அறிந்து, எங்களிடம் கேட்காமலே மாத்திரையை நிறுத்திவிடுகிறார். இரண்டும் கெடுதல். சர்க்கரைக்கு மருந்து எழுதும் ஒவ்வொரு கிளினிக்கிலும் காலைப் பார்ப்பதுபோல இந்தக் கேள்வியையும் வழக்கமாக்க வேண்டும். நோயாளி தானாகச் சொல்வார் என்று காத்திருப்பது மருத்துவரின் சோம்பல்.

சர்க்கரைக்காரர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. விதைப்பையிலோ ஆசனவாய்க்கு முன்னாலோ திடீரென்று வீக்கம், பார்ப்பதற்குப் பெரிதாக இல்லாவிட்டாலும் பொறுக்க முடியாத வலி, காய்ச்சல், துர்நாற்றம், தோல் கருக்கத் தொடங்குதல் ஆகியவை ஃபோர்னியர் அழுகல் நோயின் அறிகுறிகள். மணிக்கணக்கில் பரவி உயிரை எடுக்கும். அதற்குத் தோல் மருத்துவரின் அப்பாயின்ட்மெண்ட் வேண்டாம், நேரே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். பின்னுக்குத் தள்ளிய முன்தோல் மீண்டும் முன்னால் வராமல் இறுகி, மொட்டு வீங்கிக்கொண்டே போனால் அதுவும் அன்றே, அந்த நேரமே பார்க்க வேண்டியது. சின்னக் குழந்தைகளுக்கு முன்தோல் மொட்டோடு ஒட்டியிருப்பது இயல்பு. குளிப்பாட்டும்போது எண்ணெய் விட்டு இழுத்துத் தள்ளும் பாட்டிமார்களின் வழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

வீட்டுக்குள் சந்தேகத்தைக் கிளப்புவதில் முதலிடம் இன்னொரு நோய்க்கு. மொட்டின்மேல் காசு அளவில் வட்டமாக ஒரு கருஞ்சிவப்புத் தடிப்பு வரும். எரியும், சிலருக்குக் கொப்புளமாகி உரிந்து புண்ணாகும். பத்துப் பதினைந்து நாளில் ஆறி, சாம்பல் கலந்த கருந்தழும்பை விட்டுப்போகும். சில மாதம் கழித்து அதே இடத்தில், அச்சு மாறாமல், மறுபடி வரும். கணவர் வெளியூர் போய் வந்தபோதெல்லாம் இது வருகிறது என்று மனைவி கணக்கு வைத்திருப்பார். விசாரித்தால், வெளியூர்ச் சாப்பாட்டில் வயிறு கெட்டு, போகும்போதெல்லாம் பேதி மாத்திரை போட்டிருப்பார். அதுதான் காரணம். நார்ஃபிளாக்சசின், ஆர்னிடசோல், டினிடசோல் சேர்ந்த பேதி மாத்திரைகள், சல்ஃபா மருந்துகள், டாக்சிசைக்ளின், சில வலி மாத்திரைகள் ஆகியவை சிலரது உடலுக்கு ஒவ்வாமல் போய், ஒவ்வொரு முறையும் குறிப்பிட்ட அதே இடத்தில் தோலைத் தாக்கும். உதடும் ஆண்குறியும் அதற்குப் பிடித்த இடங்கள். மாத்திரையைக் கண்டுபிடித்து, அதன் பெயரைச் சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொண்டு, வாழ்நாள் முழுக்கத் தவிர்ப்பதுதான் மருத்துவம். தெரியாமல் திரும்பத் திரும்ப விழுங்கினால் இடங்கள் கூடும், சிலருக்கு உடலெங்கும் பரவும். இந்த நோயை மனைவிக்கும் சேர்த்து விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். கணவர் தனியாகப் போய்ச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

சந்தேகம் நியாயமாக இருக்கும் இடங்களும் உண்டு. பாதுகாப்பில்லாத உறவுக்குச் சுமார் மூன்று வாரம் கழித்து, சிலருக்கு மூன்று மாதம்வரை தாமதித்தும், ஆண்குறியில் ஒற்றைப் புண் ஒன்று வருகிறது. அடியில் தொட்டால் பொத்தான்போல் கெட்டியாக இருக்கும். வலிக்காது. மருந்தே போடாவிட்டாலும் மூன்றிலிருந்து ஆறு வாரத்தில் தானே ஆறிவிடும். வலிக்காத, தானே ஆறிய புண்ணை யார் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள்? அதுதான் சிஃபிலிஸ், நம் முன்னோர் மேகப்புண் என்று அஞ்சியது. புண் ஆறியபின் கிருமி ரத்தத்தில் இருக்கும். சில வாரங்களில் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் செம்புநிறத் திட்டுகள் வரும், அவையும் போய்விடும். ஆண்டுகள் கழித்து மூளையையும் இதயத்தின் பெருந்தமனியையும் தேடி வரும். கர்ப்பிணி மனைவிக்குத் தொற்றினால் கருவைத் தாக்கும். இவ்வளவுக்கும் தொடக்க நிலையில் தேவை, 24 லட்சம் யூனிட் பென்சத்தின் பென்சிலின் ஊசி ஒரே ஒரு தடவை. விலை மலிவு; இத்தனை ஆண்டுகள் ஆகியும் கிருமி அதற்கு அடங்குகிறது.

கொத்துக் கொத்தாகச் சிறு நீர்க்கொப்புளங்கள் வந்து உடைந்து எரிந்தால் ஹெர்பிஸ் ஆக இருக்கலாம். வைரஸ் உடலைவிட்டு நிரந்தரமாகப் போகாது, ஆனால் மாத்திரையைச் சீக்கிரம் தொடங்கினால் வேதனையும் நாள்களும் குறையும். மருக்கள் உறவுக்குப் பல மாதங்கள் கழித்தும் முளைக்கும். ஆகவே 'யாரால் வந்தது' என்ற விசாரணைக்கு அவை நல்ல சாட்சி அல்ல. பால்வினை நோய் ஒன்று உறுதியானால் எச்.ஐ.வி. பரிசோதனையும் துணைக்குச் சிகிச்சையும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

எங்கே போவது என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் பதில் உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பால்வினை நோய்ப் பிரிவு இருக்கிறது. சுகவாழ்வு மையம் என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். நோய்க்கு ஏற்ப வண்ணம் பிரித்த மருந்துப் பெட்டிகளை அங்கே இலவசமாகத் தருகிறார்கள். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு நம்பிக்கை மையங்கள். 1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைச் சென்னையில்தான் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டறிந்தார்கள். அந்த வேலைக்குப் பின்னால் சென்னை மருத்துவக் கல்லூரியின் நீண்ட மருத்துவப் பாரம்பரியம் இருந்தது. இத்தனை இருந்தும் மக்கள் பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவரொட்டியை நம்பி லாட்ஜ் அறை வைத்தியரிடம் போகிறார்கள். பால்வினை நோய்களையும் ஆண்மைக் குறைவையும் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மந்திர நிவாரணங்கள் சட்டமே தடுக்கிறது. சுவரொட்டி கிழிக்கப்படுவதில்லை, தொலைக்காட்சியில் நள்ளிரவு நிகழ்ச்சியும் நிற்பதில்லை.

நான் அதிகம் அஞ்சுவது இந்தத் தொற்றுகளை அல்ல. முன்தோலும் மொட்டும் மெல்ல மெல்லப் பீங்கான்போல் வெளுத்து, சுருங்கி, இறுகி, சிறுநீர் நூலாகச் சிதறி வரும் நோய் ஒன்று இருக்கிறது. லைக்கன் ஸ்க்லரோசஸ் என்று பெயர். வெண்புள்ளி நோயிலும் அங்கே நிறம் போகும், ஆனால் தோல் மெத்தென்றே இருக்கும், இதில் விறைத்துவிடும். சரியான காலத்தில் வந்தால், இங்கே வீரியமான ஸ்டீராய்டுதான் மருந்து. ஆம், நான் இவ்வளவு நேரம் திட்டிய அதே ஸ்டீராய்டு, கண்காணிப்போடும் கணக்கோடும். கேட்காவிட்டால் முன்தோலை நீக்கும் சிறு அறுவைச் சிகிச்சை. கவனிக்காமல் விட்டால் சிறுநீர்ப் பாதை அடைபடும், ஒரு சிறு பகுதியினருக்குப் புற்றாகும்.

ஆண்குறிப் புற்றுநோய் உலகில் அரிது. 2020ஆம் ஆண்டுக்கான உலகக் கணிப்பில் ஏறத்தாழ 36,000 பேர். அவர்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்தியர்கள். இறுகிய முன்தோல், அதனடியில் ஆண்டுக்கணக்கில் சேரும் அழுக்கும் அழற்சியும், புகையிலை, மருவை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸின் சில வகைகள் ஆகியவை காரணிகள். தொடக்கத்தில் அது மொட்டின்மேல் வெல்வெட்டுத் துணிபோல் ஒரு சிவப்புத் திட்டாகவோ, ஆறாத சிறு புண்ணாகவோ, முன்தோலுக்கு அடியில் கைக்குத் தட்டுப்படும் தடிப்பாகவோதான் இருக்கும். வலி பெரும்பாலும் இருக்காது. அந்த நிலையில் பயாப்சி செய்து உறுதிப்படுத்தினால் உறுப்பைக் காப்பாற்றியே குணப்படுத்த முடியும். நம்மிடம் பலர் வருவது துர்நாற்றத்தை வீட்டிலுள்ளவர்களிடமிருந்து மறைக்க முடியாமல் போன பிறகு, தொடை இடுக்கில் நெறி கட்டிய பிறகு. அப்போது அறுவை மருத்துவர் உறுப்பையே எடுக்க வேண்டியிருக்கிறது. கிராமத்துப் பெரியவர்கள்தான் இப்படி என்று எண்ண வேண்டாம். படித்தவர்களும் ட்யூபோடு ஒரு வருடம் ஓட்டிவிட்டு வருகிறார்கள்.

ஆகவே காலக்கெடு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீக்கம், காய்ச்சலோடு வலி, கருக்கும் தோல், திரும்பாத முன்தோல், சிறுநீர் அடைப்பு என்றால் அந்த நேரமே. புண், கொப்புளம், சிறுநீர்த் துளையில் சீழ் என்றால் ஒன்றிரண்டு நாளில். அரிப்பு, கீறல், வெள்ளைப் படிவு என்றால் வெறும் தண்ணீரில் கழுவி, சோப்பை விலக்கி, ஒரு வாரம் பாருங்கள், அடங்காவிட்டால் வாருங்கள். எந்தத் திட்டும் தடிப்பும் புண்ணும் மூன்று வாரத்துக்கு மேல் அப்படியே நின்றால், வலித்தாலும் வலிக்காவிட்டாலும், ஒரு மருத்துவர் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

கண்ணால் பார்ப்பதற்கு எங்கள் பக்கமும் வசதி செய்து தர வேண்டும். திரை இல்லாத புறநோயாளிப் பிரிவில், வரிசையில் நிற்கும் அடுத்த நான்கு பேரும் மாணவர்களும் பார்த்துக்கொண்டிருக்க, வேட்டியை அவிழ்க்கச் சொன்னால் யார் அவிழ்ப்பார்? "பரவாயில்லை சார், அரிப்புதான், ஒரு க்ரீம் எழுதிக் கொடுங்கள்" என்றுதான் சொல்வார். நாமும் பார்க்காமலே எழுதிக் கொடுப்போம். மருந்துக்கடைக்கும் நமக்கும் அப்புறம் என்ன வித்தியாசம்? ஒரு திரை, ஒரு விளக்கு, ஒரு கையுறை. இதற்கு நிதி ஒதுக்கீடு கேட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆண் மருத்துவரிடம்தான் காட்டுவேன் என்று ஒருவர் கேட்டால் அதை முகம் சுளிக்காமல் ஏற்பாடு செய்ய வேண்டும். பார்த்ததும் "எங்கே போய் வந்தாய்?" என்று தொடங்கும் மருத்துவரிடம் அவர் இரண்டாம் முறை வரமாட்டார்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வருவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே எதையும் பூசாதீர்கள். பூசினால் நோயின் உருவம் மாறிவிடும். மழித்துவிட்டும் வராதீர்கள். இதுவரை பூசிய ட்யூப் எதுவாக இருந்தாலும், காலியாக இருந்தாலும், கையில் எடுத்து வாருங்கள். கடந்த ஒரு மாதத்தில் விழுங்கிய மாத்திரை அட்டைகளையும், சர்க்கரைக்கான சீட்டையும் சேர்த்து. நேரில் வரத் தயக்கமாக இருந்து, பால்வினைத் தொற்றோ எச்.ஐ.வி.யோ என்ற பயம் இருந்தால், 1097 என்ற தேசிய உதவி எண் கட்டணம் இல்லாதது. பெயர் சொல்லாமலே பேசலாம்.

- கட்டுரையாளர், தோல் மற்றும் பால்வினை நோய் மருத்துவர்.